ஊசிமுனைக் காயமும் ஒரு தகரப் பலகையும்

எண்ணெய் கசிகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஹைட்ராலிக் பிட்டரின் பிழைப்பு. பாதி நாள் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மணிக்கணக்காக உட்கார்ந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஓசூரில் கார் பாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை, மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம்.

கை வைத்துப் பார்ப்பது

பிரஸ் மெஷினில் எண்ணெய் பயங்கர அழுத்தத்தில் ஓடும். அது கசிந்தால் ரப்பர் குழாய் மேல் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும், கையை வைக்கவே கூடாது என்பது விதி. அந்த விதியை ஒப்பித்துத்தான் எல்லோரும் வேலைக்குச் சேருவோம். சேர்ந்த மறுநாளே அட்டையைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது, கையை விடுவோம். விரலால் தடவியே கசிவைச் சொல்பவன்தான் நல்ல பிட்டர் என்று எங்களுக்குள் ஒரு திமிர். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்று காலை ஷிப்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை வலது ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டு போனேன். சுருக்கென்று ஓர் எறும்புக் கடி. பார்த்தால் விரல் நுனியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. மெஷினை நிறுத்தச் சொன்னதும் சூப்பர்வைசர் மஞ்சுநாத் வந்தார். ஆனேக்கல்காரர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். விரலைத் தன் மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனப்பா இது? இதுக்கு பேண்டேஜ் போட்டா அந்த பேண்டேஜுக்கே வெட்கமா இருக்கும்!"

நடந்து வந்த குற்றம்

ஒரு மணி நேரத்தில் அந்த விரல் என் விரலாக இல்லை. வீங்கி, வெளுத்து, மரக்கட்டை மாதிரி கனத்தது. கிள்ளினால் தெரியவில்லை. உள்ளே எண்ணெய் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பயந்துபோனேன். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில், அந்தத் தொழிலுக்கு என்னிடம் இருந்த கருவி அந்த விரல்.

ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் இருந்தவர் நிமிராமல் கேட்டார். ரத்தம் வருகிறதா? இல்லை. மயக்கம் வந்ததா? இல்லை. வாந்தி? இல்லை. "விரலுக்குள்ள மெஷின் எண்ணெய் போயிருக்கு சார்" என்றேன். அவர் நிரப்பிக்கொண்டிருந்த பதிவுத் தாளில் எண்ணெய்க்குக் கட்டம் கிடையாது போலிருக்கிறது. சாதாரண வரிசைக்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இது அவசரம் சார் என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் என் கால்களைப் பார்த்தார். "தானா நடந்து வந்தவங்க எல்லாம் அவசரக் கேசு இல்லீங்க. அடுத்து யாரு?"

எத்தனை நாள்?

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. இளவயது டாக்டர், நாள் முழுக்க ஆட்களைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் உட்காருவதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். என்ன ஆச்சு என்றார். சொன்னேன். எப்போ என்றார். சொன்னேன். எண்ணெய் பாய்ந்ததை இன்னொரு தடவை அழுத்திச் சொன்னேன். "ம்" என்றார், பேனா நிற்கவில்லை. டி.டி. ஊசி, வலி மாத்திரை, ஆச்சு. நீட்டிய விரலை நான் அந்தரத்தில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"டாக்டர், விரலை ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். அப்போதுதான் என் நீலச் சட்டையைப் பார்த்தார். கம்பெனி ஆள் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சின்னச் சிரிப்போடு லெட்டர் பேடைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். "சுத்தி வளைக்காதீங்க. லீவு லெட்டர் எத்தனை நாளைக்கு வேணும்?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வேலைக்குப் போக முடியாதோ என்று பயந்து வந்தவனிடம் இப்படி ஒரு கேள்வி.

ராஜேஸ்வரியின் கம்பெனிச் சட்டம்

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். என் மனைவி ராஜேஸ்வரி தகவல் தெரிந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை அவளுக்கு. டாக்டரே சொல்லிவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் அசையவில்லை. டாக்டர் விரலைத் தொட்டாரா என்றாள். இல்லை. பார்த்தாரா? அதுவும் இல்லை.

அவளுடைய கம்பெனியில் தைக்கும்போது ஊசி ஒடிந்தால் மொத்த லைனையும் நிறுத்திவிடுவார்கள். ஒடிந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, ஒரு நோட்டில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் மெஷின் மறுபடி ஓடும். அதைத்தான் சொன்னாள்: "ஒரு சட்டைக்குள்ள ஊசிமுனை தங்கிடக் கூடாதுன்னு நாப்பது பேரு தரையில குனிஞ்சு தேடுவோம். உங்க விரலு ஒரு சட்டைக்குக் கூடவா பெறாது? அவரு பாக்காம நான் இந்த பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கேட் பாஸ்

அவள் பேசப்பேச எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பம்ப்பின் மூடித் தகரத்தில் மெஷின் கம்பெனிக்காரன் ஒட்டிய ஓர் எச்சரிக்கைப் படம் உண்டு. ஒரு விரல், அதற்குள் பாயும் எண்ணெய், கீழே நாலு வரி இங்கிலீஷ். ஆறு வருஷமாக அதன் மேல்தான் என் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை. வாசலில் இருந்த காயின் போனிலிருந்து மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். பம்ப் பக்கத்திலேயே இருந்த போனில் அந்த நாலு வரியைப் படித்துக் காட்டினார்: எண்ணெய் உள்ளே போனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும். அந்தப் படத்தைப் பிய்த்துக் கொண்டு வாருங்கள் சார் என்றேன்.

படம் பிய்ந்து வரவில்லை. மனிதர் நாலு போல்ட்டைக் கழற்றித் தகரத்தையே எடுத்துவிட்டார். கம்பெனியை விட்டு ஒரு திருகாணி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். ஸ்டோர் கீப்பரை எழுப்பாத குறையாகப் பிடித்து, "பம்ப் மூடி, ஒன்று. காரணம்: டாக்டருக்குக் காட்ட. திருப்பித் தரப்படும்" என்று எழுத வைத்து, பலகை அகலத் தகரத்தை வயிற்றுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் விடவில்லை. மஞ்சுநாத் வேறு வழி தெரியாமல் எங்கள் கம்பெனியின் கேட் பாஸை நீட்டினார். வாட்ச்மேன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சீல் இருக்குதா? இதை முதல்லயே காட்டுறது இல்லையா, போங்க சார்."

தகரம் பேசியது

மூன்று பேருமாக வரிசையைத் தாண்டி உள்ளே போனோம். பின்னால் இருந்தவர்கள் திட்டியது நியாயம்தான், ஆனால் நான் நிற்கவில்லை. ராஜேஸ்வரி தகரத்தை வாங்கி டாக்டரின் மேஜை மேல், அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே வைத்தாள். "லீவு வேண்டாம் சார். இதைப் படிங்க, அப்புறம் விரலைப் பாருங்க" என்றேன்.

படித்தார். மறுபடி படித்தார். முதல் தடவையாக என் விரலைக் கையில் எடுத்து, நுனியிலிருந்து உள்ளங்கை வரை அழுத்திக்கொண்டே வந்தார். எத்தனை பிரஷர் என்று கேட்டார். இருநூறு பார் என்றேன், லாரி டயர்க் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சர்ஜனைக் கூப்பிடுங்கள், தியேட்டரைத் தயார் பண்ணுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அறையே அதிரக் கேட்டார்: "இவரை யார் இவ்வளவு நேரம் வரிசையில உக்கார வச்சது?"

நாலாவது தடவை

விரலை நீளவாட்டில் திறந்து எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். விரல் பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் வெட்டியிருக்க வேண்டும் என்றார் சர்ஜன். நுனியில் மட்டும் இன்றுவரை உணர்ச்சி இல்லை.

மறுநாள் வார்டுக்கு அந்த இளம் டாக்டர் வந்தார். விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பழக்க தோஷத்தில் தலையாட்டப் போனேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். "கவுண்டர்ல ஒரு தடவை, உங்ககிட்ட ரெண்டு தடவை, மொத்தம் மூணு தடவை சொன்னேன் சார். நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். "சரி. நாலாவது தடவை சொல்லுங்க. இப்போ கேக்குறேன்."

திருப்பித் தரப்படும்

நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்டோர் கீப்பர் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட் பாஸின் நகலை எடுத்து மேஜையில் வைத்தார். தகரத்தை அந்த டாக்டர் கேட்டு வாங்கி, அவசரப் பிரிவுச் சுவரில், பதிவு கவுண்டருக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார், இனிமேல் வராது என்று விளக்கினேன். அவர் கொஞ்சமும் இளகவில்லை. "அதெல்லாம் சரி. அப்படின்னா அந்த டாக்டரை இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு."

இப்போதெல்லாம் கசிவைத் தேட அட்டைத் துண்டுதான் வைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மட்டும் வெறும் வாயை நம்பிப் போவதில்லை, கழற்ற முடிந்த தகரம் எதுவோ அதையும் கேட் பாஸோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.