எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி

தம்பிக்கு ஜாமீன் கிடைத்தபோது அவனைப் பாதிதான் விட்டார்கள். தொழிற்சாலை வாசலில் நடந்த அடிதடியில் ஐந்து மாதம் உள்ளே இருந்தவன். இனி அவன் போன் எந்நேரமும் உயிரோடிருக்க வேண்டும், அவன் இருக்குமிடம் ஸ்டேஷனுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், கர்நாடகத்தை விட்டு எல்லை தாண்டினால் மறுபடி சிறை.

ஆனேக்கல்லைத் தாண்டி நான் குடியிருக்கும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஏரிக்காற்றில் ஆள் தேறிவிடுவான் என்று நினைத்தேன். எல்லை இரண்டு கிலோமீட்டரில் இருப்பதும், எங்கள் வீட்டில் பாதி நேரம் ஒசூர்ப் பக்கத்து டவர்தான் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் போனிலும் அவனை இணைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. மூன்றாம் நாள் மதியம், அவன் என் எதிரே மோர்சாதம் பிசைந்துகொண்டிருக்க, புள்ளி கிளம்பியது. தாவவில்லை, நடந்தது. ஏரிக்கரை, தைலமரத் தோப்பு, எல்லைக்கோடு. அந்தப் பக்கம் போய் நின்றது.

"எங்கடா போற?" என்றேன்.

"ஊறுகாய் எடுக்கலாம்னு இருந்தேன்" என்றான். சிரித்தோம். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

வீடு முழுக்க போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். சமையலறையில், கிரைண்டர் பக்கத்தில் மட்டும் புள்ளி கர்நாடகத்தில் அடங்கி இருந்தது. அன்றிலிருந்து அவன் நாற்காலி அங்கே. சாப்பாடும் அங்கே, தூக்கமும் அங்கே. போனை வைத்துவிட்டு நீ நகரேன் என்றால், "அது தனியாப் போயிடும்க்கா" என்றான்.

அப்படியும் போயிற்று. "இன்னிக்கு ஏரியில உக்காந்திருக்கான்" என்பான் திரையைப் பார்த்து. 'அது' எப்போது 'அவன்' ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஒரு முற்பகல் கான்ஸ்டபிள் வந்தார். விடிந்ததிலிருந்து புள்ளி அந்தப் பக்கம்.

"மூணாவது தடவைம்மா. ஜாமீனை ரத்து பண்ண மனு ரெடி பண்றாங்க."

"இங்கதானே சார் உக்காந்திருக்கான்?"

"நோடிதெ அம்மா, நோடிதெ. நான் பாத்தேன்னு எழுதினா சாஹேப் ஒத்துக்க மாட்டாரு. புள்ளி வீட்டுக்குள்ள இருக்கற ஸ்க்ரீன்ஷாட் பேக்கு, அதுதான் வேணும்."

ஆகவே காத்திருந்தோம். கிரைண்டரைச் சுற்றி மூன்று பேர், கான்ஸ்டபிளின் போன் நடுவில். டீ ஆறியது. தம்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான், இருக்கின்றனவா என்பதுபோல. பதினொன்றரைக்குப் புள்ளி அசைந்தது. எல்லைக்கோடு. தோப்பு. ஏரிக்கரை.

"பர்தாயிதாரே" என்றார் கான்ஸ்டபிள் தாழ்ந்த குரலில். வந்துகொண்டிருக்கிறார் என்று, மரியாதையாக, என் தம்பியிடமே.

எங்கள் தெருவில் திரும்பியது. வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. படம் எடுக்கும் பொத்தான்மேலேயே அவர் விரலை வைத்திருந்தார். ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம். உள்ளே வரவில்லை.

தம்பி எழுந்தான். போய்க் கதவைத் திறந்தான். வெளியே வெயில், ஆள் இல்லை. அவன் சற்று ஒதுங்கி நின்றான், வருகிறவருக்கு வழிவிடுவதுபோல.

"ஆயித்து" என்றார் கான்ஸ்டபிள் உள்ளிருந்து. புள்ளி உள்ளே வந்துவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது. ஜாமீன் பிழைத்தது. நான் என்னையறியாமல் தம்பியின் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன், பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு.