பூ முத்திரை போட்ட குடம்

1. முதல் நாள்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக் கரையில் இருக்கிற பழைய பித்தளைச் சாமான் கடையில் நான் சேர்ந்த முதல் நாள், முதலாளி நானா ஒரு செம்பைத் தந்து முத்திரையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கழுத்தில் பொட்டுப் பொட்டாக 'சி.பொ.' என்று குத்தியிருந்தது.

"சி.பொ. கொம்பனி, நானா. பெரிய கொம்பனி போல கிடக்கு."

"அது கொம்பனி இல்லடா, வீட்டுக்காரன்ட பேர். கலியாண வீட்டுக்கு இரவல் குடுத்தா மாறாம வரோணுமெண்டு வெட்டுறது. செஞ்சவன்ட முத்திரை வேற இடத்தில இருக்கும். உனக்கு ஓ.எல். சோதினைக்குப் படிக்கேக்கை எழுத்து வாசிக்கச் சொல்லித் தரேல்லையோ?"

"எனக்கு ரிசல்ட்டில எல்லாப் பாடத்துக்கும் பெயில் எண்ட ஒரே எழுத்துத்தான் வந்தது, நானா. வேற எழுத்துப் பழக்கமில்லை."

அதற்குப் பிறகு பழகினேன். முத்திரை தெரியாவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். போன் லைற்றைச் சரித்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். கையால் அடித்த முத்திரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். மெஷின் முத்திரைக்கு அந்தக் கோணல் இல்லை.

2. வாங்காத வாடிக்கையாளர்

முரசுமோட்டையில் இருந்து பவானி அக்கா சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்குள் நுழைவார். ஒன்றும் வாங்க மாட்டார். இருக்கிற குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்ப்பார்.

"அக்கா, இது கடை. கிணத்தடி இல்லை."

"பொத்தடா வாயை, குரங்கே."

ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். "சண்டையிலை இடம்பெயரேக்கை வளவுக்குள்ளை கிடங்கு வெட்டிப் பித்தளைச் சாமான் எல்லாம் தாட்டிட்டுத்தான் போனனாங்கள். திரும்பி வந்து பாத்தா கிடங்கு மட்டும்தான் கிடந்தது. என்ரை குடத்திலை பேர் வெட்டேல்லை. கழுத்திலை ஒரு பூ முத்திரை. வயித்திலை ஒரு நெளிவு, கிணத்துக் கட்டிலை நான் போட்டு அடிச்சது. நெளிவை இடுப்பிலை வைச்சுக் கையைச் சுத்திப் பிடிச்சா, பூ என்ரை விரல் நுனியிலை முட்டும். அம்மா பெரிய குடத்தோடை முன்னாலை போவா. நான் பூவைத் தடவித் தடவிப் பின்னாலை போவன்."

"அம்மா இப்ப எங்கை இருக்கிறா?"

"அவா திரும்பி வரேல்லை."

அன்றைக்கு நான் பகிடி விடவில்லை.

3. சனிக்கிழமை

தர்மபுரத்தில் இருந்து வந்த பழைய சாமான் மூட்டையில் ஒரு கறுத்த குடம் இருந்தது. லைற்றைச் சரித்தேன். கழுத்தில் மூன்று இதழ்ப் பூ, கையால் அடித்தது. குடத்தைச் சுற்றினேன். வயிற்றில் நெளிவு. உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

நானா தலையில் கை வைத்தார். "அதை இண்டைக்கு வாற கொழும்பு ஹோட்டல்காரருக்கு எண்டு சொல்லிப்போட்டனேடா!"

அக்கா பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். நெளிவை இடுப்பில் பொருத்தினார். கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். கண்ணை மூடினார். பிறகு மெல்லக் குடத்தை இறக்கி வைத்தார்.

"இது இல்லையடா தம்பி. பூ விரலுக்கு வரேல்லை. மணிக்கட்டிலை நிக்குது."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வாய்தான் முந்தும். "அக்கா, குடம் அப்பிடியேதான் கிடக்கு. நீங்கள்தான் வளந்திட்டியள்" என்றேன்.

அக்கா என்னை ஏசவில்லை. தன் கையை நீட்டிப் பார்த்தார், யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல. பிறகு மகளைக் கூப்பிட்டு, நெளிவு பிள்ளையின் இடுப்பில் வரும்படி குடத்தை ஏற்றினார். பிள்ளையின் கையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி வைத்தார்.

"இறுக்கிப் பிடி, அம்மா."

பிள்ளை பிடித்தது. அக்கா குனிந்து, அதன் நடுவிரலை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

கீழே பூ இருந்தது.

நானா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "மன்னிக்கோணும் சேர், அந்தக் குடம் இல்லை. வீட்டுக்காரர் வந்து எடுத்திட்டினம்" என்று அவர் சொல்வது கேட்டது.

பிள்ளை குடத்தை இறக்க மாட்டேன் என்றது. அது குடத்தோடு முன்னால் போக, அக்கா பின்னால் நடந்து பஸ் ஏறினார்.

முத்திரையைப் பார்த்தால் செய்த பட்டறையைத்தான் சொல்லலாம். அதனால் இப்போது யாராவது தொலைந்த குடத்தைத் தேடி வந்தால், என்ன முத்திரை என்று நான் முதலில் கேட்பதில்லை. "அப்ப நீங்கள் எவ்வளவு உயரம்?" என்றுதான் கேட்கிறேன். பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பிறகு யோசித்து, தங்கள் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டுகிறார்கள்.