வெள்ளிக்கிழமைக் கிரகம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய ஒயர்களுக்கு நடுவே ஒரு ஜாய்ஸ்டிக் கிடைத்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாக இறால் வாடை. “அத இன்னாத்துக்கு மோந்து பாக்குற?” என்றாள் மனைவி. அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பரண் வேலை நின்றுவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்களுடையது அனுப்பம்பட்டில் நெல் போடுகிற குடும்பம். சேற்றுக்குப் பயந்துதான் கம்ப்யூட்டர் படித்தேன். முதல் வேலை பழவேற்காடு கடைத்தெருவில், ஒரு பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில். ஜெராக்ஸ், பரீட்சை ரிசல்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. உப்புக் காற்றில் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய், வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுத்தான் வருவார். அதுவரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கடை என் ராஜ்யம்.

ராஜ்யத்துக்கு இரண்டே பிரஜைகள். ஏரிக்கரைத் தோணிரேவு ஊர்க்காரர்களான மூர்த்தியும் தேசிங்கும். என் வயசுதான். ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். ஏஜெண்டிடம் சரக்கைப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வருவார்கள். சோப்பு போட்டுத்தான் உள்ளே விடுவேன். சோப்பு தோற்றது, ஜாய்ஸ்டிக்கே சாட்சி.

யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்த டிவிடியில் அந்த ஆட்டம் இருந்தது. விண்கலம் உடைந்து, ஒரு பெண் தன்னந்தனியாக ஒரு கிரகத்தில் விழுகிறாள். எங்கு பார்த்தாலும் தண்ணீர், சேறு, இடிந்த கோபுரங்கள், சுடுகிற இயந்திரங்கள். அவளுடைய ஆட்கள் எங்கோ இருக்கிறார்கள், தேட வேண்டும். அவள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரிகிற மாதிரி தலையாட்டுவேன். “இன்னா சொல்லுது அது?” என்பான் தேசிங்கு. நான் யோசிப்பதற்குள் மூர்த்தி சொல்லிவிடுவான்: “வூட்டுக்குப் போணும்னு சொல்லுது.” பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது.

ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம். பாதியில் நிறுத்தினால் அதே இடத்திலிருந்து தொடரலாம், ஆனால் அப்படிச் சேமித்துவைக்க ஒரே ஒரு இடம்தான். மூன்று பேர் என்ன செய்வது? நேரம் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் ஏரிக்கு ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. மீன் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். உன் நாள் வந்தால் அந்த இடம் உனக்கு மட்டுமே. கிடைத்தாலும் போனாலும் உன்னுடையது. மற்றவன் அங்கே வலை போடமாட்டான். அப்படியே இங்கேயும் குலுக்கினோம். மூர்த்தி, நான், தேசிங்கு. ஒரு வெள்ளிக்கு ஒருவர். மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஏரிக்காரன் ஆடுகிற அழகே தனி. கிரகத்தில் ஒரு சேற்றுக்காடு வந்தது. மூர்த்தி அவளை ஓடவே விடவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து நடத்தினான். சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்குமாம், மிதித்தால் முள் ஏறிவிடுமாம். வேறு கிரகத்தில் திருக்கை ஏதடா என்று கேட்க வாய் துடித்தது. அவன் பாடு, கம்மென்று இருந்தேன். பாய் வரும் நேரம்வரை அவள் பாதிச் சேறுகூடத் தாண்டவில்லை. அடுத்த வெள்ளி நான் ஓடவிட்டு, அடியிலிருந்த கண்ணிவெடியில் அவளைக் கொன்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தேசிங்கின் ஒரு வெள்ளிக்கிழமையில், அவள் கடைசிக் கதவின் முன்னால் வந்து நின்றாள். வரைபடத்தில் அதற்கப்பால் ஒன்றுமில்லை. அடுத்த பாடு மூர்த்திக்கு. அந்த வாரம்தான் அவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. ஏரியில் மீன் அற்றுப்போகும், அந்தத் துறைமுகம் வேண்டாமென்று கறுப்புக்கொடி பிடித்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். சேர்வதற்கு முதல் நாள் வந்து சொன்னான்: “நைனா கொடி புடிச்ச கேட்டுலயே நா கார்டு மாட்டிக்கினு உள்ள போப்போறேன். மூஞ்ச பாத்து பேசல அவரு.” வெளிவேலைக்குப் போகிறவன் என்று ஊரில் பாடு வரிசையிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டுத் தம்பி பேரைப் போட்டுவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு ஷிப்ட். நாமே கதவைத் திறந்துவிடலாம் என்று ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். தேசிங்கு பிடுங்கிக்கொண்டான். “ஏரியில அவன் பேர எடுத்துட்டாங்க. இங்கியும் எடுக்கணுமா?”

காத்திருந்தோம். வெள்ளி தவறாமல் ஆட்டத்தைத் திறப்போம். அவள் கதவின் முன் மூச்சுவிட்டபடி நிற்பாள். சற்று நேரம் பார்ப்போம், மூடிவிடுவோம். இரண்டு ஆம்பிளைகள் கதவு பார்க்கக் கடைக்கு வந்தோம் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. கம்ப்யூட்டரைப் பாய் காயலான் கடைக்குப் போட்டார். உயரத்தில் மாட்டியிருந்ததால் ஜாய்ஸ்டிக் மட்டும் தப்பி என்னோடு வீட்டுக்கு வந்தது.

பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அந்த ஆட்டத்தின் முடிவு போனிலேயே கிடைக்கும், தேடினால் போதும். நான் தேடியதில்லை. தேசிங்கும் பார்க்கவில்லை என்று தெரியும், ஏனென்று பேசிக்கொண்டதில்லை.

பரணிலிருந்து இறங்கியதும் மூர்த்திக்குப் போன் செய்தேன். இப்போது கிரேன் ஓட்டுகிறான். ஜாய்ஸ்டிக் கிடைத்ததைச் சொன்னதும் சிரித்தான்.

“அந்த ஆட்டத்தோட முடிவ எப்பவோ பாத்துட்டேன்டா. கேண்டீன்ல சாப்டுக்கினே பாத்தேன். கதவுக்கு அப்பால இன்னா கீதுன்னு சொல்லட்டா?”

“வேணாம்.” எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“ஏன், நீங்க பாக்கல?”

“எப்டிடா பாக்கறது? உன் பாடு.”

அந்தப் பக்கம் கிரேனை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, ஷிப்டில் இருப்பவன் பேசாத மெல்லிய குரலில் கேட்டான்.

“நா இன்னும் வரிசையில கீறனாடா?”

“கீற,” என்றேன். “ஆட்டந்தான் இல்ல.”