மூன்று பீப்பாய்க்கு ஒரு தடவை

மூக்கையா லாரியின் ஆயில் கம்பியை உருவுகிறார். பழைய துணியில் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவுகிறார். ஆயில் கோடு வரை நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். நிறத்தைப் பார்ப்பதில்லை, விரலில் தொட்டுத் தேய்ப்பதில்லை, முகர்வதும் இல்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் காலை ஆறு மணிக்கே வேடிக்கை பார்க்க யாராவது நிற்பார்கள். அவர்களில் ஒருவர், "என்னண்ணே, ஆயிலு தார் மாதிரி கெடக்கே" என்பார். "சட்டி கரியா இருக்குன்னு சோத்தக் கொட்டிருவியா?" என்று கேட்டுவிட்டு மூக்கையா பானெட்டைச் சாத்துவார்.

நான் உப்பு இலாகாவில் குமாஸ்தா. வெள்ளிக்கிழமைதோறும் தபால் கட்டோடு இராமநாதபுரம் போக வேண்டியது என் தலையெழுத்து. பஸ் பிடிக்க வேண்டுமானால் அஞ்சு மைல் மணலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே நாலு வருஷமாக மூக்கையாவின் லாரியில், அவர் பக்கத்தில், இஞ்சின் சூட்டில் இடது கால் வெந்தபடி போய் வருகிறேன். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள இதைவிடக் கஷ்டமான வழி இருக்க முடியாது.

மூக்கையாவுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம், ஸ்டியரிங்குக்கு மேல் தலை தெரிவதற்காக மடித்த சாக்கின்மேல் உட்காருவார். மணலில் வண்டி போகும்போது வாய் திறக்கமாட்டார். முதல் கியரில், சக்கரம் புதையும் இடங்களில் விரித்த பனை ஓலைகள் நொறுங்க, ஆள் நடக்கும் வேகத்தில் லாரி முனகிக்கொண்டு போகும். அப்போது நான் என்ன கேட்டாலும் பதில் கிடைக்காது. கப்பி ரோட்டில் ஏறிய பிறகுதான், "என்னமோ கேட்டியளே சார்?" என்பார். அதற்குள் எனக்கு மறந்துபோயிருக்கும்.

ஆட்டுக்கு ஹாரன் அடிப்பதில்லை என்பது இன்னொரு வழக்கம். வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய், ஆடுகளைக் கையால் ஒதுக்கிவிட்டு வருவார். "ஹாரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு அதுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?" என்பது அவர் வாதம். இந்த ஜில்லாவில் ஆடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே என் தபால் கட்டு ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸை ஓட்டியவர் மூக்கையா. கண்மாய்க்கரை மேடு வந்தால் பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொல்லி, மேட்டைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்வாராம். பிறகு பெட்ரோல் லாரி. ஐம்பத்து நாலில் கீழக்கரை வாவு முகம்மது டீசல் லாரி வாங்கினார். உப்பளத்துக்குள் பாத்தி ஓரத்திலிருந்து அம்பாரத்துக்கு உப்பு அடிப்பதும், அம்பாரத்திலிருந்து இராமநாதபுரம் ரயில் கூட்ஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. டிரைவராக மூக்கையாவை வைத்துக்கொண்டார்.

பெட்ரோல் வண்டியில் ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாடத்தோடு டீசலுக்கு வந்தவருக்கு முதல் வாரமே அதிர்ச்சி. காலையில் தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் சாயங்காலம் மை. மாற்றினார். மறுபடி மை. மறுபடி மாற்றினார். ஒரு மாதத்தில் நாலு தடவை. இராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த அப்துல் அஜீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "டீசலுக்குக் கறுப்புதான்ப்பா நெறம். கரிய அள்ளி வச்சுக்கிறதுதான் ஆயிலுக்கு வேலை. கம்பெனி புத்தகத்துல மைல் போட்டிருக்கும், அதைப் பாத்து மாத்து" என்றார்.

புத்தகத்தில் இரண்டாயிரம் மைல் என்று இருந்தது. மூக்கையா அன்றிலிருந்து நிறத்தைப் பார்ப்பதை விட்டார். மீட்டரைப் பார்த்தார்.

இரண்டாம் வருஷம், கடைசியாக ஆயில் மாற்றி ஆயிரத்து அறுநூறு மைல் ஆனபோது, மணல் பாதையின் நடுவில் இஞ்சின் இறுகிப்போய் நின்றது. பேரிங் உருகிவிட்டது. அந்தப் பேரிங்கை முந்தைய வருஷம் மாட்டியவர் அஜீஸ். வாவு முகம்மது, "ஆயில் மாத்துனியா?" என்று மூக்கையாவைக் கேட்டார். "புத்தகப்படி மாத்துனேன் மொதலாளி" என்றார் மூக்கையா. அது உண்மை. ஆகவே குற்றம் மாட்டியவர் தலையில் விழுந்தது. வாவு முகம்மது அஜீஸ் பட்டறைக்கு வண்டி அனுப்புவதை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைப் பார்த்துக் கீழக்கரையின் மற்ற லாரிக்காரர்களும் நிறுத்தினார்கள். அஜீஸ் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் பார்க்கவும் ஆரம்பித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடந்தபோது லாரி ஒரு மாதம் மதுரை ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றி ஓடியது. அப்போதுதான் மூக்கையா ஒன்றைக் கவனித்தார். ரோட்டில் ஒரு பீப்பாய் டீசலுக்கு அறுநூற்றைம்பது மைல் ஓடிய வண்டி, உப்பளத்துக்குத் திரும்பியதும் முந்நூறைத் தாண்டவில்லை. "மைல் ஓடலைன்னாலும் வண்டி சாப்புட்டிருக்கு சார். சாப்புட்டிருந்தா ஒழைச்சிருக்குன்னுதான அர்த்தம்? சக்கரம் சுத்துனதத்தான் மீட்டர் எண்ணுது. இஞ்சின் பட்ட பாட்ட அது எண்ணல" என்று எனக்குச் சொன்னார். நல்ல ரோட்டில் இரண்டாயிரம் மைல் என்றால் மூன்று பீப்பாய். எனவே மணலிலும் மூன்று பீப்பாய், மீட்டர் என்ன காட்டினாலும் சரி. அன்றிலிருந்து இன்றுவரை மூன்றாவது பீப்பாய் காலியானால் ஆயில் கீழே இறங்கிவிடும். இஞ்சின் ஒரு நாளும் இருமினதில்லை.

ஒரு நாள் கம்பெனி புத்தகத்தை என்னிடம் நீட்டி, அந்தப் பக்கத்தை முழுக்கப் படிக்கச் சொன்னார். இரண்டாயிரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கடினமான நிலைமைகளில் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும் என்றிருந்தது.

"அடிக்கடின்னா எத்தனை சார்?"

"அது போடலை."

"போடமாட்டாக. அவுக எங்க வாலிநோக்கம் வந்தாக?" என்று புத்தகத்தை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. எனக்கோ வேறு ஒரு சந்தேகம்.

"அப்படின்னா அஜீஸ் மாட்டின பேரிங்மேல தப்பே இல்லையே மூக்கையா? இதை முதலாளியிடம் சொன்னீரா?"

கப்பி ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆனாலும் அவர் மணலில் போவது போல வாயை மூடிக்கொண்டார். அன்று இராமநாதபுரம் எல்லையில் வண்டி வழக்கம்போலச் சந்தைக்குப் பின்னால் திரும்பி, ஒரு மைல் சுற்றி கூட்ஸ் ஷெட்டுக்குப் போனது. நேர்த் தெருவில் குண்டும் குழியும் என்று மூன்று வருஷமாக என்னிடம் சொல்லிவந்தார். நேர்த் தெருவில்தான் அஜீஸ் பட்டறை என்பது அன்று எனக்கு உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. தனக்குத் தெரிந்ததை மூன்று வருஷமாக ஒரு மனிதர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு மனிதரைப் பஞ்சர் ஒட்ட விட்டிருக்கிறாரே என்று. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை நானும் பேசவில்லை. பேசாததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் வாவு முகம்மது இரண்டாவது லாரி வாங்கினார். பச்சை வர்ணம், இன்னும் உப்பு படாத மட்கார்டு. ஜும்மா தொழுகை முடிந்து கீழக்கரையில் தன் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி. நாங்கள் போய் இறங்கினோம்.

"மூக்கையா, புது வண்டி ஒனக்கு. பழசை நம்ம புது டிரைவர் இருளாண்டி எடுக்கட்டும். ஆனா ஒண்ணு. நீ ஆயிலத் தண்ணியா ஊத்துற. இனிமே ரெண்டு வண்டிக்கும் புத்தகம்தான் சட்டம். ரெண்டாயிரம் மைல்."

புது வண்டி என்றால் மூக்கையாவுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அதன் பேச்சுதான். சரி மொதலாளி என்று சொல்லி சாவியை வாங்கிக்கொண்டு, தன் வண்டிக்கு மட்டும் சத்தமில்லாமல் மூன்று பீப்பாய்க்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருக்கலாம். இருளாண்டியின் வண்டி புத்தகப்படி ஓடி, ஒரு நாள் மணலில் இறுகியிருக்கும். அதற்கும் யாராவது ஒரு பட்டறைக்காரர் அகப்பட்டிருப்பார்.

மூக்கையா சாவிக்குக் கை நீட்டவில்லை. "ரெண்டாயிரம் வேணாம் மொதலாளி" என்று ஆரம்பித்தார். பீப்பாய்க் கணக்கைச் சொன்னார், மதுரை ரோட்டைச் சொன்னார், மணலைச் சொன்னார். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள், ஆனால் பெருமை இல்லாமல். வாவு முகம்மது வியாபாரி. ஒரு தடவை சொன்னால் போதும். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். கடைசியில் அவர் கேட்டது நான் கேட்டதையேதான்.

"அப்ப அன்னைக்குப் போன பேரிங்?"

"அஜீசண்ணே மாட்டுனதுல ஒரு கோளாறும் இல்ல மொதலாளி. செத்த ஆயிலோட நான் ஓட்டுனேன். அதான் போச்சு."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. நான் ஒருவன்தான் சாட்சி. நானும் அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"மூணு வருசமாத் தெரியும்."

வாவு முகம்மது, "யா அல்லாஹ்" என்றார், மெதுவாக, தனக்குள். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "புது வண்டிய இருளாண்டி எடுக்கட்டும். மூணு பீப்பாய்க்கு ஒருக்கா மாத்தணும்னு அவன்ட்ட நீயே சொல்லு. அஜீஸ்ட்டயும் நீயே போயிச் சொல்லு. நான் நாளைக்கு வாரேன்னும் சொல்லு."

மூக்கையா தலையை ஆட்டினார். புது லாரியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருத்தம் இல்லாமல் இருக்குமா? கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் வரை பத்து மைலில் அவர் இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டார். அவர் கியர் தப்பி நான் பார்த்ததில்லை.

அன்று வண்டி நேர்த் தெருவில் போனது. குண்டும் இல்லை குழியும் இல்லை. அஜீஸ் பட்டறை வாசலில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், அறுபது இருக்கும். மூக்கையா எதிரே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அஜீஸ் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"மூணு வருசமா" என்றார் அஜீஸ்.

"ஆமண்ணே."

"இந்தத் தெரு வழியா வராம இருந்ததும் இதுக்குத்தான்."

"ஆமண்ணே."

சக்கரம் தானாக நின்றது. அஜீஸ் எழுந்து லாரியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் மூக்கையாவுக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இப்ப எத்தனாவது பீப்பா?"

"மூணாவது காலையோட முடிஞ்சதுண்ணே."

"அப்ப எதுக்கு நின்னுக்கிட்டிருக்க? வண்டிய மரத்தடிக்கு ஏத்து. ஆயிலு சூடா இருக்கப்பவே எறக்கணும். ஆறிட்டா கசடு அடியிலயே தங்கிரும்."

தகர டப்பாவைத் தள்ளிக்கொண்டு அஜீஸ் லாரிக்கு அடியில் போனார். மூக்கையா உதவிக்குக் குனிந்தார். "நீ அங்கன நில்லு" என்று குரல் வந்தது. நின்றார். மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஆயில் டப்பாவுக்குள் விழும் சத்தம். கடைசிச் சொட்டு வரைக்கும் அஜீஸ் வெளியே வரவில்லை. நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.

அஜீஸ் வெளியே வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை மை. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கையா அதற்குள் தன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். வெள்ளிக்கிழமைக்கென்று வெளுத்துக் கஞ்சி போட்டது, மடிப்பு இன்னும் கலையாதது. அதை உதறி விரித்து, இரண்டு கைகளிலும் ஏந்தி, அஜீசுக்கு முன்னால் நீட்டினார்.