சென்டர் ஸ்டாண்டில் தெரியாதது

மழைக்காலத்தில் என் பைக்கின் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றில் மனைவியின் புடவைகள் பாழாகிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது பின்மட்கார்டில் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வாங்கி வந்தான். இதற்குப் போய் மெக்கானிக் எதற்கென்று, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நானே போல்ட் போட்டு முடுக்கினேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை.

மறுநாள் காலை திருக்கடையூரில் மனைவியின் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பட்டுப்புடவையில் அவள் பின்னால் உட்கார, கிளம்பினோம். மயிலாடுதுறை தாண்டியதும், "என்னங்க, ரப்பர் கருகுற வாடை வருது" என்றாள்.

"எவனாவது வைக்கோல் கொளுத்துவான்" என்றேன், வேகத்தைக் குறைக்காமல்.

"ரெண்டு நாளா மழை. வயலெல்லாம் தண்ணி நிக்குது. வைக்கோல் எங்கேருந்துங்க எரியும்? வண்டிய நிறுத்துங்க!"

ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன். போல்ட்டுகளின் நீண்ட முனைகளை டயர் பக்கமாக விட்டிருந்தேன். ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம், இருவர் பாரத்தில் மேலேறி அவற்றில் தேய்ந்து, டயரில் விரல் பதியும் பள்ளம் விழுந்திருந்தது. எதிரே வந்ததெல்லாம் பஸ். வழியில் டயர் வெடித்திருந்தால்?

வண்டியை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

புது டயரோடு அதே தடுப்புதான் இன்றும் இருக்கிறது, போல்ட் முனைகள் வெளிப்பக்கமாக. வண்டியில் எதை மாட்டினாலும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இருவரும் ஏறி உட்கார்ந்து குலுக்கிப் பார்க்கிறோம். "போகலாங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் கிளப்புகிறேன்.