ஜெபக் கூட்டத்தில் என் த்ராஷ் மெட்டல்

இன்று மாலை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். முடிந்ததும் அப்பா பாஸ்டரிடம், "பாப்பா கிட்டார் கத்துக்குது ஐயா" என்றார். என்னிடம் திரும்பி, "ஒண்ணு வாசிம்மா."

பாடகர் குழுவில் சேருவேன் என்றுதான் கிட்டார் வாங்கித் தந்தார்கள். நான் பழகுவதோ காது கிழியும் வேகத்தில் அடிக்கும் த்ராஷ் மெட்டல். ஒரு கீர்த்தனையும் தெரியாது. அந்தப் பேய்ச் சத்தம் இன்னொரு தடவை கேட்டால் கிட்டார் பரணுக்குப் போகும் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குதான் ரிஃப். எவ்வளவு வேகமான ரிஃப்பையும் நத்தை வேகத்தில்தான் பழக ஆரம்பிக்க வேண்டும். நானே போட்ட ரிஃப் ஒன்றை அப்படியே மெதுவாக, மிக மெதுவாக வாசித்தேன்.

ஷூ கம்பெனியில் அப்பாவோடு வேலை செய்யும் ஸ்டெல்லா அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையால் முகம் துடைத்தார்.

"இன்னா பாட்டும்மா இது?" என்றார் பாஸ்டர்.

"நானே போட்டது ஐயா."

"மனந்திரும்புதல் இருக்குது இதுல. ஞாயித்துக்கெழம காணிக்கை எடுக்கறப்ப வாசி."

"வாராவாரம் வாசிப்பா ஐயா!" இது அம்மா.

பாஸ்டர் அதற்கு வரிகளும் எழுதித் தருகிறாராம்.

காணிக்கைப் பை கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்வரை கை வேகமெடுக்காமல் இருக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நல்லவேளை, அதன் நடுவில் கிட்டார் தனியாகப் பாயும் சோலோவை இன்னும் யாரும் கேட்கவில்லை.