மாப்பிள்ளையின் பூர்வீகம்

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த ஞாயிறு அது. ஆகவே ஒக்டோபரின் கடைசி ஞாயிறு. இரவு ஷிப்ட் செய்பவர்களுக்கு அன்று ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அதை முடித்துவிட்டுப் படுக்காமலே அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹரோவிலிருந்து புறப்பட்டார்.

அப்பாவின் தங்கை, என் மாமி, ஓர் ஆங்கிலேயரைக் கட்ட விரும்பினார். ரெய்னர்ஸ் லேனில் இருந்த பெரியப்பா ஒரே பிடியில் நின்றார்.

"வெள்ளையன் எண்டாலென்ன, ஆக்கள் ஆரெண்டு விசாரியாமல் நான் சபைக்கு வரமாட்டன்."

அவர் வராவிட்டால் சொந்தத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் உயிரோடு இல்லை. விசாரிக்க எஞ்சியிருந்தது அவர்களுடைய கிராமத்துத் தேவாலயமும் அதன் கல்லறைகளும்தான்.

பாசி படிந்த எழுத்தை வாசிப்பது என் வேலை. மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் வரிசையாகக் கிடைத்தது. பாட்டன், பூட்டன், அவருக்கும் முந்தியவர் என எல்லோர் பெயரின் கீழும் ஒரே தொழில். அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டேன். தேவாலயத்தைப் பெருக்குவார்கள், மணி அடிப்பார்கள், முக்கியமாகக் குழி வெட்டுவார்கள் என்றார். இந்த ஊரில் தகப்பனுக்கும் மகன்தான் வெட்டினான் என்று பெருமையோடு சிரித்தார்.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கிருந்த ஈர வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"வடிவாக் கேட்டனியோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. குழி வெட்டுற ஆக்களாம்."

திரும்பும் வழியில், நான் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். குளிரில் அதைத் தின்றேன்.

பெரியப்பா தன் வீட்டு வாசலிலேயே கேட்டார். "என்ன, விசாரிச்சியோ?"

"ஓம் அண்ணை. தலைமுறை தலைமுறையாக் கோயிலில தொண்டு செய்த குடும்பம்."

"அட! எங்கட ஐயர்மார் மாதிரியோ?"

"அப்பிடித்தான் வையுங்கோவன்."

"பெரியப்பா, அவை..." என்று நான் தொடங்கினேன்.

"பிள்ளை, அப்பாவுக்குத் தண்ணி கொண்டு வா."

கொண்டுவந்தபோது பெரியப்பா மண்டபம் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். எங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர்கள் வீட்டுப் படலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. இன்று எங்கள் வம்சாவளியை நான்தான் எழுதுகிறேன். மாமியின் கிளையை எழுதும்போதெல்லாம் கை சற்று ஓய்கிறது.

அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவ்வளவு தூரம் போய்க் கண்டுபிடித்ததில் நல்ல விஷயத்தையே அப்பா சொல்லாமல் விட்டுவிட்டார். பாவம், நித்திரையில்லாத களைப்பில் மறந்துபோனார் என்று நினைத்துக்கொண்டேன்.